ஞாயிற்றுக்கிழமை திறந்த நூலகம்

நாற்பத்தாறு வயதில் பட்டப்படிப்புக்குப் போனவளை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். "இந்த வயசுல இது தேவையா?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் பாதிப் பேர், முதுகுக்குப் பின்னால் கேட்டவர்கள் மீதிப் பேர். போகட்டும். தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்து, ஒரு பாடம் தவிர எல்லாவற்றையும் முடித்திருந்தேன். மிச்சமிருந்தது உலக வரலாறு. அதற்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும்.

கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டு நாடுகளை இணைத்த கதையை எடுத்துக்கொண்டேன். அந்தக் கம்பிகளுக்கு மேலுறையாகப் போனது நம் மலேசியக் காட்டு மரங்களின் பால். ரப்பருக்கு முன்னாலேயே எங்கள் ஜோகூர் மாநிலத்து மரப்பால் உலகத்தைச் சுற்றியிருக்கிறது என்று தெரிந்தபோது, தோட்டத்தில் பிறந்தவளான எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் விரிவுரையாளர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார். எல்லாம் இணையத்தில் பொறுக்கியதாம். நூல்களிலிருந்து ஆதாரம் வேண்டும், பக்க எண்ணோடு வேண்டும், திங்கட்கிழமை காலைக்குள் வேண்டும். இல்லையென்றால் அந்தப் பாடத்தை முதலிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். "இது போச்சுன்னா படிப்பையே விட்டுடுவேன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வியாழன் மாலை வேலை முடிந்ததும் ஊர் நூலகத்துக்கு ஓடினேன். எந்த அலமாரியில் தேடுவது என்று தெரியாமல் திருதிருவென்று நின்ற என்னை, அங்கே வேலை செய்யும் மலாய்க்காரப் பெண்மணி பிடித்துக்கொண்டார். என் வயதுதான் இருக்கும், மரியாதைக்கு 'காக்' என்று அழைத்தேன், அக்கா என்பதுபோல. கணினியில் தட்டினார், உள்ளறைக்குப் போனார், தந்தியைப் பற்றி ஒரு தடித்த ஆங்கில நூலையும் ஜோகூர் காடுகளைப் பற்றி ஒரு மலாய் நூலையும் கொண்டுவந்து வைத்தார். இரண்டிலும் சிவப்பு ஒட்டு. வெளியே எடுத்துப் போக முடியாது. நாலு வரி எழுதுவதற்குள் மூடும் நேரம் வந்துவிட்டது.

"என் மேசையிலேயே வெச்சிருக்கேன். எப்ப வர்றீங்க?" என்று மலாயில் கேட்டார்.

வெள்ளியும் சனியும் எனக்குக் கிளினிக்கில் இரவுவரை வேலை. "ஞாயித்துக்கிழமை வர்றேன், காக்."

"சரி, வாங்க" என்றார்.

ஞாயிறு காலை, பாசிர் கூடாங் ஆலையில் இரவு வேலை முடித்து வந்த வீட்டுக்காரர் தூங்கக்கூட இல்லாமல் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். வாசல் கதவு சாத்தியிருந்தது.

"ஏம்மா, லீவு மாதிரி இருக்கே."

"ஞாயித்துக்கிழமை யாராவது லீவு விடுவாங்களா?" என்று சீறினேன். சீறிய மறுகணம்தான் என் தப்பு உறைத்தது.

பத்து வருடத்துக்கும் மேலாக ஜோகூரில் அரசாங்க விடுமுறை வெள்ளியும் சனியும்தான். ஞாயிறு வேலை நாள். எனக்கோ கிளினிக் ஞாயிறுதான் மூடும். அதனால் நில அலுவலகம், நூலகம் என்று எங்கே போவதாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பழகிவிட்டேன். அந்த மாதம்தான் விடுமுறையைச் சனி ஞாயிறுக்கு மாற்றியிருந்தார்கள். செய்தியில் கேட்டேன், காலண்டரில் பார்த்தேன், ஆனால் மண்டையில் ஏறவே இல்லை.

அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமும் கூடவே வரும். "உங்களுக்காவது ஞாபகம் இருக்க வேணாமா?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"ஷிப்ட் இல்லாத நாள்தான் எனக்கு ஞாயிறு. என்கிட்டப் போய்க் கேக்குறியே லா" என்றார் பாவம், கண்ணெல்லாம் சிவந்துபோய்.

அப்போது சின்னக் கார் ஒன்று வந்து நின்றது. காக் இறங்கினார். வேலைச் சீருடை, கழுத்தில் அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. பூட்டிய கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அலமாக்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அவரும் வேலை நாள் என்று நினைத்துக் கிளம்பி வந்திருக்கிறார்! வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்ததால் தடுக்க ஆளில்லையாம். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

சிரித்து முடித்ததும், "நாளைக்குக் காலைக்குள்ள கொடுக்கணும்னு சொன்னீங்களே" என்றார். நான் தலையாட்டினேன். மேலதிகாரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பு எங்களுக்கே கேட்டது. மதியம்வரை இருக்கலாம், ஏர்கோன் போடக்கூடாது என்று அனுமதி கிடைத்தது. காவலாளி வந்து பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

வியர்வை ஊற்றியது. நான் ஆங்கில நூலோடு மல்லுக்கட்ட, வீட்டுக்காரர் மலாய் நூலை எடுத்து, எனக்கு வேண்டியதைத் தேடிச் சத்தமாக வாசித்தார். வாசித்தபடியே தூக்கத்தில் சாமியாடுவார், நான் மேசைக்கடியில் காலை மிதிப்பேன். காக் பழைய செய்தித்தாளால் எனக்கும் தனக்கும் சேர்த்து விசிறிக்கொண்டே, "பக்க எண் எழுதினீங்களா?" என்று ஒவ்வொரு குறிப்புக்கும் கேட்டார். விரிவுரையாளர் தோற்றார் போங்கள். முடிந்ததும் வெளிப்படியில் உட்கார்ந்து, காக் தனக்கு மட்டும் கட்டிவந்த நாசி கோரேங் வறுத்த சோற்றை மூன்று பேரும் சாப்பிட்டோம். அந்த மனுஷியை எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்று சொல்லி முடியாது.

திங்கள் காலை கட்டுரை போய்ச் சேர்ந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை முடிவு வந்தது. வீட்டுக்காரர் ஆலைக்குள் இருந்தார், போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அடுத்து யாரிடம் சொல்வது என்று யோசிக்கவே இல்லை, நேராக நூலகத்துக்குப் போனேன். வழியெல்லாம் மலாயில் நன்றி சொல்ல வார்த்தை கோத்துக்கொண்டே போனேன்.

காக் யாருக்கோ புத்தகம் பதிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து நின்றார்.

"நாம பாஸா?" என்று கேட்டார்.

கோத்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாஸ், காக்" என்றேன். "நாம பாஸ்."