லாம் பேசிய கேசட்

போன வாரம் துபாய் கராமாவில் மெட்ரோ ஏறினேன். எதிர் சீட்டில் ஒரு சீனப் பையனும் பெண்ணும். அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் செருப்பு அவன் கையில். பக்கத்திலிருந்த நம்மூர்ப் பெரியவர், "சைனாக்காரனுக்கு வெக்கமே கெடையாது சார்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுபதுகளின் கடைசியில் சீனர்களோடு ஒரே கேம்பில் கிடந்தவன் நான். வெட்கத்தில் அவர்களிடம் நாம் பிச்சை வாங்க வேண்டும்.

அபுதாபிப் பக்கம் ருவைஸ், அப்போது வெறும் மணலும் கேபின்களும்தான். நான் எலக்ட்ரீஷியன். பக்கத்துக் கேபினில் ஹாங்காங்கிலிருந்து வந்த வெல்டர்கள். அவர்கள் கருவாடு வறுத்தால் அசல் எங்கள் தொண்டிக் கருவாட்டு வாசனை அடிக்கும். தட்டோடு போய் நிற்பேன். மானம் பார்த்தால் வயிறு நிறையுமா? அப்படித்தான் லாம் பழக்கமானார். ஐம்பதைத் தாண்டியவர். அவர் தங்கை மகன் வெய்யும் அதே கேபின்.

வெய் தானே பார்த்துப் பிடித்த பெண்ணின் படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்குக் கேசட்டில் பேசி அனுப்புவான், எல்லார் முன்னாலும், சிரித்துச் சிரித்து. லாமுக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியே போய் வெயிலில் நிற்பார். அவர் பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததே கல்யாணத்தன்றுதானாம். கடிதம் எழுதினால் கூரை ஒழுகுகிறதா, நேரத்துக்குச் சாப்பிடு, அவ்வளவுதான். பேச்சில் அவள் "பையனோட அம்மா". நான் மட்டும் என்ன யோக்கியம்? "எங்க வீட்ல" என்பேன், ஏதோ நாலு சுவருக்குத் தாலி கட்டினவன் மாதிரி.

அப்புறம் லாமுக்கு ஒரு கடிதம் வந்தது. கனடாவில் இருக்கும் மகளிடம் போய்விடப் போகிறேன், நீ இருப்பதும் இல்லாததும் எனக்கு ஒன்றுதான் என்று பெண்டாட்டி எழுதியிருந்தாள். மனுஷன் ரெண்டு நாள் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றவில்லை. சாப்பாட்டு மேசையில்கூட.

வெய் டேப் ரெக்கார்டரை அவர் முன்னால் வைத்தான். "போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா" என்று கெஞ்சினானாம். எங்களிடம் இந்தியில், "பாய், சத்தம் போடாதீங்க" என்றான். நாங்கள் கேட்போமா? வாசலில் கூட்டம். என் ரூம் செல்லையா, "என்னங்கடா, கெழவன் மிஷின்கிட்ட பொண்ணு கேக்குறானா?" என்றான். நானும் சிரித்தேன். செல்லையா ஊருக்குக் கேசட் அனுப்பினால் மாமனார் முதல் பால்காரர் வரை சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். எல்லாருக்கும் வணக்கம் சொல்லியே ரெண்டு பக்கமும் தீர்ந்துவிடும். அவன் சிரிக்கிறான்.

லாம் இருமினார். செருமினார். ஏதோ விசாரித்தார், கூரையைத்தான் என்று பிறகு தெரிந்தது. கேசட் சும்மா ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு சொல். உடனே பட்டனை அமுக்கிவிட்டார்.

வெய் வெளியே வந்தான். "என்ன சொன்னாரு?" என்றேன்.

"அத்தை பேரு. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும் பாய்."

செல்லையாகூடச் சிரிக்கவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கேசட் பிரிக்காமலே திரும்பி வந்தது. அவள் கிளம்பிப் போயிருந்தாள். கனடா விலாசத்துக்கு அனுப்பலாம் என்று வெய் தலைப்பாடாய் அடித்துக்கொண்டான். லாம் அசையவில்லை. "அந்த வீட்ல மருமகன் இருக்கான். அவன் காதுல விழும்."

கடைசிவரை அனுப்பவில்லை.

அந்தக் கேபின்களைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். கேசட்டும் ஒழிந்தது. மருமகன் காதில் விழுமே என்று கட்டினவளையே விட்டுவிடுகிற ஆண்களும், சீனரோ தமிழரோ, ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். போகட்டும், அழுவதற்கு ஒன்றுமில்லை. நானும் அதே ரகம்தான். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரியில், இறப்புச் சான்றிதழ் எழுதுகிறவனிடம். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்க என்றான்.