இந்தப் போட் ஏன் இவ்வளவு மலிவு?

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறேன். என் மனைவியின் தம்பி மரியநாயகம் என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். குருநகரிலிருந்து மானிப்பாய்க்குக் காலை வெயிலில் மிதித்து வந்த வியர்வை இன்னும் காயவில்லை.

“அத்தான், மீன் பிடிக்கிற போட் ஒண்டு விலைக்கு வந்திருக்கு. எஞ்சினோடை.”

“என்ன விலை?”

சொன்னான்.

நான் திகைத்துப்போனேன். விலை கூடவென்றா? இல்லை... குறைவு! ஓடுகிற ஒரு மோட்டார்சைக்கிளின் விலைகூட வராது. பொருளாதாரத் தடையால், குளிக்கிற சவர்க்காரக் கட்டியையே தங்கம் போலக் கையில் ஏந்திக்கொண்டு போகிற காலம் இது. இந்தக் காலத்தில் ஒருவர் ஒரு பொருளை மலிவாகத் தந்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். எனக்குப் பயம் வரும்.

இந்தப் பத்திரிகைப் பத்தியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடல்கரையில் பிறந்தவன் – ஆனால் முதல்நாள் கடலுக்குப் போனபோதே குடலே வெளியே வரும்படி சத்தி எடுத்துக் கரைக்குத் திரும்பியவன். அதனால்தான் மானிப்பாயில் சைக்கிள் கடை. சைக்கிளில் என்ன வசதி என்றால், பயம் வந்தால் காலைக் கீழே ஊன்றலாம். கடலில் எங்கே ஊன்றுவது?

நாயகம் அப்படியல்ல. அவனுக்குக் கடல்தான் தரை. அவனுடைய வள்ளம் போய் இரண்டு வருடமாகிறது. எப்படிப் போனது என்று கேட்காதீர்கள் – இந்தச் சண்டையில் இங்கே எல்லோருடையதும் போன மாதிரித்தான். அன்றிலிருந்து மற்றவர்களின் போட்டில் கூலிக்குப் போகிறான். கூப்பிடாத நாட்களில் என் கடைக்கு வந்து ரயருக்குக் காற்றடிக்கிறான். வலை இழுத்த கையில் சைக்கிள் பம்பைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. அவனுடைய மனைவி வேறு மூன்றாவது பிள்ளைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

காசு என்னிடம் இருந்தது. மாரிமழைக்கு முன்னர் வீட்டுக் கூரைத் தகரத்தை மாற்றவென்று வைத்திருந்த காசு. அவன் கேட்கவில்லை. கேட்காமல் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதுதான் கஷ்டம்!

மறுநாள் கடைக்கு வந்தவர்களிடம் மெல்ல விசாரித்தேன். விசாரித்திருக்கக் கூடாது.

“சூடு பட்ட போட்டாய் இருக்கும். குண்டு துளைச்ச ஓட்டையை ஒட்டிப் பெயின்ற் அடிச்சிருப்பினம்,” என்றார் ஒருவர்.

“உந்த எஞ்சினுக்குப் பாட்ஸ் கொழும்பிலையும் இல்லையாம்,” என்றார் கொழும்பைக் கண்டு பல வருடமான இன்னொருவர்.

மூன்றாமவர் என் காதுக்குக் கிட்ட வந்தார். “வித்திறது ஒரு விதவை மனிசி. புருசன் எப்பிடிச் செத்தவர் எண்டு கேட்டனீரோ?”

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி பிலோமினா சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“போய்ப் பாருங்கோவன். பாக்கிறதுக்கு ஆரும் காசு கேக்கேல்லையே?”

“போட்டிலை ஏதும் பிழை இருந்து, நாளைக்கு உன்ரை தம்பிக்கு ஏதும் ஆச்சுதெண்டால்?”

“உங்கடை பயத்தை வீட்டிலை விட்டிட்டுப் போங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன். ஆரும் களவெடுக்காயினம்.”

போனேன். சேர்ட் பொக்கெற்றில் ஒரு சின்ன மருந்துப் போத்தல். அதற்குள் பெற்றோல். இதற்கு விளக்கம் வேண்டுமா? நம்முடைய எஞ்சின்களெல்லாம் இப்போது பெற்றோலை முகர்ந்து பார்த்து எழும்பி, மண்ணெண்ணெயில் ஓடிப் பழகிவிட்டன. ஒரு வாய் பெற்றோலுக்கு நாம் படுகிற பாடு உங்களுக்கும் தெரியும். வாங்க வருகிறவன்தான் பெற்றோல் கொண்டுவர வேண்டும் என்று நாயகம் சொல்லியிருந்தான்.

போட் கரையில் ஏற்றிக் கிடந்தது. மேலே தென்னோலை – வெயிலுக்கும், மேலே ஹெலிகொப்டரில் பறக்கிறவர்களின் கண்ணுக்கும் மறைப்பாக. பக்கத்தில் ஒரு பெரியவர் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். போட்டுக்கு உரியவர் திரேசம்மா அக்கா. மீன் வைத்த ஓலைக் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து இந்தக் கரையில் குடியிருக்கிறவர்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே தொடங்கினார்.

“இஞ்சை பாருங்கோ தம்பி, உதிலை ஒரு ஒட்டு இருக்கு. சூடு பட்ட இடம். ஒட்டு வேர்க்கும், ஆனால் ஒழுகாது. எஞ்சின் பின்னுக்குப் போகாது, முன்னுக்குத்தான் போகும். மண்ணெண்ணெய்க்கு மாத்தேக்கை கொஞ்சம் இருமும். சூடேறமுன்னம் மாத்தினால் நிண்டிடும்.”

நான் நாயகத்தைப் பார்த்தேன். நாயகம் என்னைப் பார்த்தான். விற்க வந்தவர் இப்படியா கதைப்பது?

“அண்ணையின்ரை... சாவு...” என்று இழுத்தேன்.

“காய்ச்சலிலை. ஆசுப்பத்திரிக் கட்டிலிலை. கடலிலை இல்லை. ஒரு வருசம் முடிஞ்சுது.”

“அப்ப ஏன் அக்கா இவ்வளவு மலிவு?”

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை.

“மலிவோ? ஒட்டு இருக்கு, பின்னுக்குப் போகாது. உதுக்கு உவ்வளவுதான் தம்பி பெறும்.”

அவ்வளவுதான் காரணம்! ரகசியம் இல்லை, சூது இல்லை. ஒரு பொருளுக்கு எவ்வளவு பெறுமோ அதைச் சொன்னார். வாசகர்களே, நாம் எப்படி ஆகிவிட்டோம் பார்த்தீர்களா? கொள்ளை விலை சொன்னால் ‘சரி, காலம் அப்படி’ என்று கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகிறோம். நியாய விலை சொன்னால் பேய் இருக்கிறதா என்று தேடுகிறோம்.

அப்போது எனக்கு இந்த ஞானம் வரவில்லை. பயம்தான் வந்தது. அந்தப் பயத்தில் என் வாய் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டது.

“அப்பிடியெண்டால்... நீங்கள் உதிலை ஏறுவீங்களோ?”

நாயகம் என் காலை மிதித்தான். பெரியவர் ஊசியைக் கீழே வைத்தார். எங்கள் கரையில் தொழிலுக்குப் போகிற போட்டில் பெண்கள் கால் வைப்பதில்லை. அதுவும் தாலி இழந்தவர்... அதுவும் கைமாறப் போகிற போட்டில்! கடல்கரையில் பிறந்தவனுக்குத் தொட்டிலிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

“தம்பி மானிப்பாயிலை கனகாலம் இருந்திட்டீர் போலை,” என்றார் பெரியவர். “கேக்கிற கேள்வியே உது?”

வியாபாரம் முடிந்தது என்று நினைத்தேன். நாயகத்தின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அவனுக்கு மறுபடியும் சைக்கிள் பம்புதான்... என்னால்!

திரேசம்மா அக்கா சிரித்தார்.

“ஏன், நான் ஏறினனான்தானே? தீவை விட்டு வெளிக்கிடேக்கை உதிலைதான் வந்தனாங்கள். பெட்டையள், பிள்ளைத்தாய்ச்சியள், கிழவியள்... ஒரு ஆடும் ஏறினது. அண்டைக்கு ஆரும் பொம்பிளை ஏறக்கூடாதெண்டு சொல்லேல்லை.” பெரியவர் பக்கம் திரும்பினார். “என்ன பெரியவர், நீங்களும் எனக்குப் பக்கத்திலைதானே இருந்தனீங்கள்? கண்ணை மூடிக்கொண்டு, என்ரை சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு!”

“அண்டைக்குக் காத்து, பிள்ளை...” என்றார் பெரியவர்.

“ஓமோம், காத்துத்தான்.”

சேலையைத் தூக்கிச் செருகினார். நானும் நாயகமும் போட்டைத் தள்ளி இறக்கியதும் நடுப்பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் கரையில் நின்றேன்.

“என்ன தம்பி, நிக்கிறியள்? கேட்டவர் நீங்கள்தானே? ஏறுங்கோ!”

ஏறினேன். வேறு வழி?

நாயகம் கயிற்றை இழுத்தான். இரண்டு இழுவை, மூன்றாவதில் எஞ்சின் எழும்பியது. கரை பின்னால் போனது. எனக்கோ கண்ணெல்லாம் எஞ்சின் குழாயில் செருகியிருந்த பெற்றோல் போத்தலில். அது மளமளவென்று இறங்குகிறது. எவ்வளவு பாடுபட்டுச் சேர்த்தது!

“காணும் நாயகம், மாத்து! மண்ணெண்ணெய்க்கு மாத்து!”

“கொஞ்சம் பொறுங்கோ அத்தான்.”

“மாத்தடா எண்டால்!”

மாற்றினான். எஞ்சின் இருமியது. புகை கக்கியது. நின்றுவிட்டது.

எஞ்சின் நின்ற கடலின் அமைதியைக் கேட்டிருக்கிறீர்களா? தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம்கூடக் கேட்கும். எனக்கு அதற்கும் மேலே தூரத்தில் ஹெலி வருகிற மாதிரிக் கேட்டது. வரவில்லை. என் நெஞ்சுதான்.

“உதைத்தானே தம்பி அப்ப சொன்னனான்,” என்றார் திரேசம்மா அக்கா, அடுப்படியில் உட்கார்ந்திருப்பவர் போல. “மிச்சம் பிடிக்காதேங்கோ. இருக்கிற பெற்றோல் முழுதையும் விட்டு நல்லாய்ச் சூடேத்துங்கோ. அந்தரப்படாதேங்கோ.”

“உங்களுக்கு எஞ்சின் வேலை தெரியுமோ அக்கா?” என்று நாயகம் கேட்டான்.

“எனக்கெங்கை தெரியும்? அந்த மனிசன் ஒவ்வொருநாளும் வீட்டை வந்து உந்த எஞ்சினைத் திட்டுறதைக் கேட்டுக் கேட்டுப் பாடமாப் போச்சு.”

நாயகம் எஞ்சினைத் துடைத்து மிச்சப் பெற்றோலை விடும்வரை மிதந்தோம். நான் குனிந்து அந்த ஒட்டில் கையை வைத்துப் பார்த்தேன். ஈரம். துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மெல்லிய ஈரம். ஒழுகவில்லை. வேர்த்தது. அவர் சொன்ன மாதிரியே! பெற்றோல் முழுவதும் போனது. எஞ்சின் எழும்பியது. சூடேறியது. மாற்றினான். இருமியது... இருமியது... பிறகு பிடித்துக்கொண்டு ஓடியது. அதுவும் அவர் சொன்ன மாதிரியே.

நான் அந்த மனிசியைப் பார்த்தேன். முகத்தில் தண்ணீர் தெறிக்கிறது, துடைக்கவில்லை. ஒரு கையால் பலகையைப் பிடித்திருந்தார். பயத்தில் பிடித்த பிடி அல்ல, தெரிந்த ஆளைப் பிடிக்கிற பிடி. வீடு போய், ஊர் போய், புருஷனும் போய், கையில் மிஞ்சிய ஒரே பெரிய பொருளை விற்கிறார். ஒரு பொய் சொன்னால் இரட்டிப்பு விலை. சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வியால் அவமானப்பட்டிருக்கலாம். படவில்லை – ஏறி உட்கார்ந்து பதில் சொன்னார். என்னால் ஒரு நாளாவது அப்படி இருக்க முடியுமா? சந்தேகம்தான்.

நாயகம் போட்டின் பின்பக்கத்தில், கடையாலில் நின்று எஞ்சினைத் திருப்பினான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் முதுகு நிமிர்ந்திருந்ததை அப்போதுதான் கண்டேன்.

கரைக்கு வந்ததும் பெரியவர் தலையைத் தூக்கினார். “என்ன தம்பி, சத்தி எடுத்தனீரோ?”

“இல்லை பெரியவர். போட்டை எடுக்கிறம்.”

நாயகம் திரும்பி நின்று கயிற்றைச் சுற்றினான். சுற்றிய கயிற்றையே மறுபடியும் அவிழ்த்துச் சுற்றினான்.

திரேசம்மா அக்கா அணியத்தில், போட்டின் மூக்கில், உள்ளங்கையை ஒருமுறை வைத்து எடுத்தார். “மாரி தொடங்கமுன்னம் ஒட்டுக்கு மேலை இன்னொரு ஒட்டுப் போடுங்கோ,” என்றார். பிறகு நான் கொடுத்த காசைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, மீன் கடகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிலோமினாவிடம் சொன்னேன். அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். எங்கள் கூரை வேர்க்கிற ரகம் அல்ல, ஒழுகுகிற ரகம். இந்த மாரிக்கு வாளி வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

பிலோமினா கூரையைப் பார்க்கவில்லை. வேறெதையோ யோசித்தாள்.

“அப்ப, அவ ஏறினவ எண்டால் நானும் ஒருநாள் ஏறலாம்தானே?”

“நீயோ?”

“ஏன், தம்பியின்ரை போட்தானே? நடுவிலை இருக்கமாட்டன். அணியத்திலைதான் இருப்பன். சொல்லிப்போட்டன்!”

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் போகிறாளாம். கரையில் நின்று கவலைப்பட எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.