கன்னியப்பனுக்கு வெடி வேண்டாம்

போன செவ்வாய்க்கிழமை ஐயம்பேட்டைக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தேன். ஷேர் ஆட்டோவில் ஏறி இடம் சொன்னதுமே டிரைவர் திரும்பிப் பார்த்தார். "மிலிட்ரி ஊட்டுக்கா மேடம்? ஊரே அங்கதான் இருக்குது."

மிலிட்ரி... கன்னியப்பனுக்கு ஊர் வைத்த பெயர் அது. எழுபத்தொன்றாம் வருட யுத்தத்தில் கண்ணிவெடி அகற்றும் பிரிவில் இருந்தவர். எதிரி புதைத்துவிட்டுப் போனதை, மண்டிபோட்டு, கையால் தடவித் தடவி எடுக்கிற வேலை. கரண்ட் போனால் மெழுகுவர்த்தி தேடவே நமக்குக் கை நடுங்குகிறது!

ராணுவத்திலிருந்து வந்த பிறகு, நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் காவலாளியாகச் சேர்ந்தார். பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக் கடைகளுக்கு நடுவே இருந்தது கிளை. முறுக்கு மீசை, இரட்டைக் குழல் துப்பாக்கி, கசங்காத காக்கி. புதிதாக யார் வந்தாலும் மேனேஜர் அவரைக் காட்டி, "இவருக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்பார். கன்னியப்பன் மறுக்கவும் மாட்டார், சிரிக்கவும் மாட்டார். தோளில் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

அவரிடம் ஒரே ஒரு விசித்திரம் உண்டு. தீபாவளிக்கு ஊரில் இருக்க மாட்டார். ஊரெல்லாம் மூட்டை முடிச்சோடு வீட்டுக்கு வந்து இறங்கும்போது, இவர் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, மனைவி தனம்மாவைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறிவிடுவார். திரும்பி வரும்போது எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு! "பெங்களூர்ல யாரு மிலிட்ரி?" என்று கிண்டல் செய்வோம். "பழைய கூட்டாளிங்க மேடம்" என்பார். அத்தோடு சரி.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

தெருமுனையிலேயே பேனர். சீருடையில் கன்னியப்பன், அவருக்குப் பின்னால் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஒரு பீரங்கி, மேலே 'வீரவணக்கம்'. பந்தலுக்குக் கீழே ஃப்ரீசர் பெட்டியில் அவர். மார்பில் பதக்கங்கள். முன்னாள் ராணுவத்தினர் சிலர் மலர்வளையம் வைத்து, விறைப்பாக சல்யூட் அடித்துவிட்டு நகர்ந்தார்கள். வாசலில் பூப்பல்லக்கு தயாராகிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அட்டைப்பெட்டிகள்.

எல்லாம் வெடி.

எங்கள் பக்கத்துச் சாவு பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர்வலம் புறப்பட்டால் வழியெல்லாம் வெடி போட்டுக்கொண்டே போவார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை அல்லவா? வீட்டு வாசலில் நின்று, சத்தத்தை வைத்தே கணக்குப் போடுவார்கள் – "முனை தாண்டிட்டாங்க... ஏரிக்கரைக்குப் போயிட்டாங்க..." எவ்வளவு வெடியோ அவ்வளவு மரியாதை. வெடியில்லாமல் போனால் கேட்க நாதியற்ற பிணம். அதுவும் இந்தத் தெரு, தாத்தா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் குனிந்து கூலி வேலை செய்தே பழகிய தெரு. தங்கள் வீட்டுச் சாவுக்கு ஊரதிர வெடி போடுவது இவர்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை.

அப்படியிருக்க, செத்தவர் ராணுவ வீரர். மகன் செல்வம் விடுவாரா? "பத்தாயிரம் வாலா மேடம்! எங்க நைனா போறது காஞ்சிபுரம் வரைக்கும் கேக்கணும்" என்றார். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

அப்போதுதான் தனம்மா எழுந்து வந்தார். பெட்டிகளைப் பார்த்தார்.

"செல்வம், வெடி வாணாம்பா."

"இன்னாம்மா சொல்ற? ஊரு இன்னா பேசும்? எங்க நைனா இன்னா அநாதையா?"

உறவுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று ஒருவர் சமாதானம் சொன்னார். தனம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு நேராக ஃப்ரீசர் பெட்டிக்குப் போய், கண்ணாடி மேல் கை வைத்தார். "கோச்சிக்காதய்யா. சொல்லிடறேன்."

திரும்பினார்.

"அவருக்கு வெடின்னா பயம்."

பூப்பல்லக்கு கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கல்யாணமாகி மொத தீபாவளி. பக்கத்துல எவனோ லட்சுமி வெடி போட்டான். என்னைக் கீழ தள்ளி, என் மேலயே கவுந்து படுத்துக்கினாரு. ஒடம்பெல்லாம் ஒதறுது. 'நகராத, நகராத'ன்றாரு. பைத்தியம்னு நெனச்சி நான் அழுவறேன். அப்பறந்தான் சொன்னாரு. சண்டையில பக்கத்துல இருந்த கூட்டாளி தப்பாக் கால் வெச்சிட்டாராம். இவரு கண்ணு எதிர்லயே... மிலிட்ரிக்காரன் பயப்படறான்னு சிரிப்பாங்க, யாராண்டயும் சொல்லாதன்னு கையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு."

"அப்ப பெங்களூரு...?" என்றார் செல்வம்.

"அங்க யாரும் கெடையாதுபா. பஸ்லயே போவோம். எறங்கி டீ குடிப்போம். பஸ்லயே திரும்பிடுவோம். கண்ணாடிய சாத்திட்டா இஞ்சின் சத்தத்துல வெளிய ஒன்னும் கேக்காது. வழியெல்லாம் என் கையப் புடிச்சிக்கினே ஒக்காந்துருப்பாரு." ஃப்ரீசர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு தனியாப் போறாருபா. கையப் புடிக்க நான் கூட வர முடியாது. வெடி வாணாம்."

அந்தக் கூட்டாளி போன பிறகும், யுத்தம் முடிகிற வரை இந்த மனிதர் அதே மண்ணில் மண்டிபோட்டிருக்கிறாரே! பயமே இல்லாதவர் செய்தால் அது வேலை. இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு செய்தாரே... அதற்கு என்ன பெயர்? அந்த அம்மாள் மட்டும் என்ன, பெற்ற பிள்ளைக்குக்கூடத் தெரியாமல் காத்த ரகசியத்தை, அவருக்காகவே ஊர் நடுவில் போட்டு உடைத்தாரே! இரண்டு பேரில் யாரைப் பார்த்து மலைப்பது?

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர்கூட!

செல்வம் பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு போய் எதிர் வீட்டுக்குள் வைத்தார். பறை அடிக்க வந்திருந்தவர்களில் மூத்தவர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார். "நாங்களும் அடிக்கலம்மா. சும்மாவே கூட நடந்து வர்றோம்."

அப்படியே புறப்பட்டது ஊர்வலம். வெடியில்லை, பறையில்லை, விசில் இல்லை. செருப்புச் சத்தம் மட்டும். தெருக்கோடியில் தறி நெய்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு வெளியே வந்து, கைகட்டி நின்றார்கள். காஞ்சிபுரத்துக்காரியான நான் எத்தனையோ சாவு பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பெண்கள் நாங்கள் வாசலிலேயே நின்றோம். பழக்கதோஷம்... எல்லார் காதும் தெருமுனைப் பக்கம். "எங்க போயிட்டாங்கன்னே தெரியலியே" என்றார் பக்கத்து வீட்டம்மா.

தனம்மா தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒன்னும் கேக்கலல்லமா?" என்றார் என்னிடம்.

"ஒண்ணும் கேக்கலம்மா."

"அப்ப நல்லாப் போறாரு."