நஞ்சம்மா கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும்

ஒரு மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா?

நஞ்சம்மா இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிடுகிறார். தரையில் குந்தி, தொட்டியின் இரும்பு வாயில் ஒரு கையை ஊன்றி, இடது காதை உள்ளே சாய்த்துக்கொண்டு.

"டே அஜித்து! ராத்திரி இன்னா கொழம்பு?"

"முருங்கக்கா!" ஆழத்திலிருந்து குரல் முழங்கி வருகிறது.

"யாரு வச்சது?"

"நான்தாங்க்கா!"

"அதான் ஒம்பொண்டாட்டி ரூபா மூஞ்சி காத்தாலயே ஒரு மாதிரி இருந்துச்சு."

உள்ளே சிரிப்பு கேட்கிறது. நஞ்சம்மா சிரிப்பதில்லை. காதை எடுப்பதும் இல்லை.

குருபரப்பள்ளியைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் மாங்கூழ்த் தொழிற்சாலை அது. பருவம் முடிந்ததும் தொட்டிகளைக் கழுவுவார்கள். ஒருவர் உள்ளே இறங்குவார். அவர் உடம்புப் பட்டையில் மாட்டிய கயிறு, மேலே நிற்கும் இரும்பு முக்காலியில் கைப்பிடி வைத்த சுழலுக்கு வரும். அதைச் சுற்ற ஒருவர் நிற்பார். தொட்டி வாயில் உட்கார்ந்து உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது நஞ்சம்மாவின் வேலை. எட்டு மணி நேரம் கூப்பிடுவார். தொண்டைக்குக் கற்கண்டும் மிளகும் முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்.

குழம்பு விசாரணை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. பெயரைக் கூப்பிட்டால் போதும் என்றுதான் கம்பெனி விதி. நஞ்சம்மாவுக்கு அது போதாது. "உம்முனு தூங்கறவன் கூடத்தான் சொல்லுவான். கெட்ட காத்து மொதல்ல புத்தியத்தான் புடிக்கும். நேத்து துன்னத யோசிச்சு சொன்னான்னா ஆளு உசாரா கீறான்னு அர்த்தம்." தெலுங்கு பேசுகிறவரிடம் "ஏம் கூரா?" என்பார். கன்னடக்காரரிடம் "ஏனு சாரு?" பீகாரிலிருந்து வந்த பையன்களிடம் "க்யா காயா?" அவர்கள் எந்த நாளும் உருளைக்கிழங்கு என்றே சொல்வதால், என்ன வடிவத்தில் நறுக்கினாய் என்பது வரை சைகையோடு விசாரிப்பார்.

இப்படி எல்லோரையும் வாய் நிறையக் கூப்பிடுகிற நஞ்சம்மாவுக்குப் போன ஆண்டு ஒரு பெயர் மட்டும் தொண்டையில் சிக்கியது. திருமலை.

திருமலை அவருடைய ஊர்க்காரர்தான், வேப்பனப்பள்ளிப் பக்கம். ஆனால் நஞ்சம்மா இருப்பது காலனி. திருமலை இருப்பது ஊர். அந்த ஊரில் காலனி வாய்க்கு ஊர்ப் பெயர்கள் கிடையாது. எல்லோரும் "சாமி"தான். நஞ்சம்மாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது சர்வேக்கு வந்த அதிகாரி ஒருவர், "இது யார் கிணறு?" என்று அவருடைய அப்பா கங்கப்பனைக் கேட்டார். "கோவிந்தப்பன் கெணறுங்க" என்றார் அப்பா. கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். மறுநாள் அந்தக் கோவிந்தப்பன், அதாவது திருமலையின் அப்பா, சேறு வாரச் சொல்லிக் கங்கப்பனை அதே கிணற்றில் இறக்கினார். இறக்கிவிட்டு மகனிடம் கயிற்றை இழுத்துக்கொள்ளச் சொன்னார். பன்னிரண்டு வயதுத் திருமலை இழுத்துச் சுருட்டினான். "இப்ப பேரச் சொல்லிக் கூப்புடு, வந்து தூக்கறேன்" என்று சொல்லிவிட்டு இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பொழுது சாயக் காலனிப் பெண்கள் மாட்டுக் கயிறுகளை முடிந்து கொண்டுவரும் வரை நஞ்சம்மா விளிம்பில் படுத்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "இருக்கேன் கண்ணு" என்று அப்பா பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். புகார் இல்லை, வழக்கு இல்லை. இரண்டு நாளில் கங்கப்பன் மறுபடி அதே கிணற்றில் இறங்கினார். நம் நாட்டில் இதற்குப் பெயர் ஊர்க் கட்டுப்பாடு.

பிறகு போர்வெல்கள் வறண்டன, மாமரங்கள் காய்ந்தன, தோட்டம் கைமாறியது. நாற்பத்தைந்து வயதில் திருமலை ஒப்பந்தத் தொழிலாளியாக வந்து சேர்ந்தார்.

தோல் சீவும் பிரிவில் இருக்கும் ரங்கம்மா ஓடி வந்தார். "பாத்தியா நஞ்சி! ஒங்கப்பன கெணத்துல உட்டவன். சாமி அவன் உசுர கொண்டாந்து ஒங்கையில குடுத்துட்டுது."

"சாமி எங்க குடுத்துது? சூப்பர்வைசர் டூட்டி போட்டான். போன வாரம் அவர பாய்லர் கிட்ட போட்டிருந்தான்."

இதைவிடத் தெளிவாக நானும் சொல்லியிருக்க முடியாது.

முதல் நாள் திருமலை இறங்கியது கழிவுநீர்த் தொட்டியில். இயந்திரம் செய்திருக்க வேண்டிய வேலை. நஞ்சம்மா ஒரு மிளகைக் கடித்துக்கொண்டு, "திருமலை!" என்றார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். இல்லை. சுழலில் நின்ற அஜித்குமாரிடம் சைகை காட்ட, திருமலை கோபத்தோடு மேலே வந்தார்.

"ஏ நஞ்சி, யாரப் பேரு சொல்லிக் கூப்புடற?"

"உள்ள போனவரத்தான். பதில் வரலன்னா தூக்கிடுவேன். ரூல்சு."

அன்று மூன்று முறை தூக்கினார். மூன்று முறையும் திருமலை நன்றாகவே மூச்சு விட்டார், நன்றாகவே திட்டினார். சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கச் சிரித்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு, "திருமலை! நேத்து இன்னா கொழம்பு?" என்று கேட்டார். பதில் இல்லை.

"உடுக்கா, வீம்பு. கொஞ்ச நேரம் கெடந்து ஊறட்டும்" என்றார் அஜித்குமார்.

நஞ்சம்மா இன்னொரு முறை கூப்பிட்டார். கீழே ஓசையே இல்லை. நேற்றும் இப்படித்தான் இருந்தது. இப்போது இருப்பது வீம்பா, மூச்சடைப்பா? விடையை அறிய வழியில்லை. கொஞ்சம் தாமதித்தால் போதும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வீம்பு என்று நினைத்தேன் என்றால் கம்பெனியே தலையாட்டும்.

"வீம்புன்னா மேல வந்து திட்டட்டும். சுத்துடா!"

தலை தொங்கியபடி வந்தார் திருமலை. தொட்டிக்குள் காற்று ஊதும் குழாயைக் கவ்விக்குப் பதில் வெறும் கம்பியால் கட்டியிருந்தார்கள். அது கழன்று தரையில் வீணாக ஊதிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் முகமூடியை வைத்தார்கள். நஞ்சம்மா பக்கத்தில் குந்தி, கூப்பிடுவதை நிறுத்தவில்லை. "திருமலை! இன்னா கொழம்பு? சொல்லு, இன்னா கொழம்பு?" ஆம்புலன்ஸ் கம்பெனி வாசலுக்குள் திரும்பும்போது முகமூடிக்குள் உதடு அசைந்தது.

"கொள்ளு."

நஞ்சம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ரங்கம்மா கொண்டுவந்த தண்ணீரைச் செம்போடு தலையில் கவிழ்த்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தார்.

பழிவாங்கும் கதைகள் எனக்குப் பிடிக்கும், நிறையப் படித்திருக்கிறேன். எதிராளியை நிலவறைக்குள் விட்டு அடைப்பார்கள். அவன் குரல் அடங்கியதும் கதை முடியும். நஞ்சம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன், அந்த ஒரு நிமிடம் மனசு சபலப்படவில்லையா என்று.

"எங்கப்பா ஒரு தடவதான் ஒரு பேரச் சொன்னாரு. நான் ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்றேன், இப்ப திருமலையும் பதில் சொல்றாரு. செத்துட்டா யாரு சொல்லுவா?"

திருமலை ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. நஞ்சம்மா மேலாளரின் அறைக்குப் போய், கழிவுநீர்த் தொட்டிக்குள் இனி ஆள் இறங்கினால் தான் அதன் வாயில் உட்காரப் போவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். மற்றவர்களும் இறங்க மறுத்தார்கள். இப்போது அதற்கு உறிஞ்சு லாரி வருகிறது. கூழ்த் தொட்டிகளில் மட்டும் ஆட்கள் இறங்குகிறார்கள், குழாய்க்குக் கவ்வி மாட்டிய பிறகு.

போன வாரம் காலை ஆறு மணிக்கு ஊரில் கம்பெனி பஸ் புறப்படத் தயாராக நின்றது. திருமலை டீக்கடையில் தன் பங்காளிகளோடு, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். ஜன்னலோரம் இருந்த நஞ்சம்மா தொட்டி வாயில் கூப்பிடும் அதே குரலில், "திருமலை!" என்றார். பங்காளி ஒருவர் பஸ்ஸைப் பார்த்து முறைத்தார். திருமலை திரும்பவில்லை. கண்ணாடி டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு, எல்லோர் நடுவிலும் வலது கையை மட்டும் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார்.

உங்கள் தெருவிலும் ஏதாவது ஒரு நாள் ஒரு குழியின் மூடி திறக்கும். இடுப்பில் ஒரு கயிற்றோடோ, அதுவும் இல்லாமலோ, ஒருவர் இறங்கத் தயாராவார். அருகே போய் அவர் பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவரை இறங்கவிடாமல் நிறுத்துங்கள்.