‘பழைய டெண்டர்’ என்ற ஃபோல்டர்

கதவைச் சாத்தும் அதிகாரத்தில் எமனுக்கு அடுத்த இடம் எங்கள் அம்மாவுக்குத்தான். எமனாவது ஒவ்வொருத்தராகத்தான் கூட்டிப் போவான். அம்மா ஒரே சொடுக்கில் ஒரு செக்‌ஷனையே இருட்டில் தள்ளிவிடுவாள். ஆபீஸில் நூற்று நாற்பது பேர். யாருடைய கம்ப்யூட்டரில் எந்த டிரைவ் தெரியலாம், எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம், யார் திருத்தலாம், எல்லாம் அவள் கையில். டிவி ரிமோட் மட்டும் அவள் கைக்கு வந்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளி மாலை நான்கு மணிக்கு ஒருவருடைய அனுமதிகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும். அதுவரை மூச்சு விடக்கூடாது. வேலையை விட்டு அனுப்பப்படுகிறவருக்கு முன்னால் அம்மாவுக்குத்தான் விஷயம் வரும். இந்த முறை அந்த ஒருவர், பதினோரு வருஷமாக அவளோடு டிபன் பாக்ஸ் மாற்றிச் சாப்பிடும் டைப்பிஸ்ட் அத்தை.

அத்தையின் எஸ் டிரைவில் ‘பழைய டெண்டர்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. உள்ளே ஒரு டெண்டரும் கிடையாது. போன வருஷம் இறந்துபோன மாமாவின் போட்டோக்களும், அவர் சுருதி சேராமல் பாடிப் பதிந்த பாட்டுகளும்தான். வேறெங்கும் நகல் இல்லை. நான்கு மணிக்கு மேல் அது ஆபீஸ் சொத்து. அழுதாலும் திறந்துவிட மாட்டார்கள்.

அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டு லேப்டாப்பிலும் அந்தக் கடிதத்தையே திறந்து திறந்து பார்த்தாள். சொன்னால் அவள் வேலையும் போகும். புதன்கிழமை நூற்று நாற்பது பேருக்கும் மெயில் தட்டினாள்: டிரைவைச் சுத்தம் செய்கிறோம், சொந்த ஃபைல்களை நாளைக்குள் எடுத்துக்கொள்ளவும். அப்படியொரு சுத்தமே கிடையாது.

ஆபீஸே அலறியடித்து எடுத்தது, அத்தையைத் தவிர.

“மெயில் பாத்தீங்களாக்கா?”

“வருஷத்துக்கு நாலு தடவை இப்படித்தான் மிரட்டுவே. எம்மேல கை வெச்சிடுவியாடி நீ?”

அம்மா தண்ணீர் குடித்தாள். 

வியாழன் மதியம் அத்தையின் மேஜை போன் அடித்தது. தொண்டை கட்டிய ஒரு குரல்: தலைமை அலுவலகம், உங்கள் டிரைவில் வைரஸ், ஐந்து மணிக்குள் நகல் எடுக்காவிட்டால் நடவடிக்கை. அத்தை பதறியடித்துப் பென்டிரைவ் தேடினாள்.

வெள்ளி, நான்கு மணி. அம்மா சொடுக்கினாள். எதிர் மேஜையில், அத்தையின் திரையில், எஸ் டிரைவ் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது.

“டிரைவ் காணோம்டி, வந்து பாரேன்!”

அம்மா எழவில்லை. மேலாளர் அத்தையை உள்ளே கூப்பிட்டார்.

அட்டைப் பெட்டியோடு வெளியே போகும்போது அத்தை நின்றாள். “உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?”

அம்மா பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

“போகட்டும் விடு. அந்தத் தொண்டை கட்டின சாருக்காவது நன்றி சொல்லிடு. அவர் கூப்பிடலைன்னா எங்க வீட்டுக்காரரையும் இங்கயே விட்டுட்டுப் போயிருப்பேன்.”

அப்படியொரு சார் எங்குமே இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும்.

சாயங்காலம் வீட்டில், இதை எழுதுகிறவன் ஒன்றும் அறியாத பிள்ளையாக நகம் வெட்டிக்கொண்டிருந்தான். உப்புப் போட்ட வெந்நீர் ஒரு டம்ளர் அவன் முன்னால் வந்து உட்கார்ந்தது.

“கொப்புளிங்க சார். தொண்டை கட்டியிருக்காமே?”

அவன் திருதிருவென்று முழித்தான். சிரிப்பாள் என்று பார்த்தான். சிரிக்கவில்லை.

“என் லேப்டாப்புல உனக்கு யாருடா அனுமதி குடுத்தது?”