வெளியே தொங்கிய பூட்டு

என் வீட்டுக் குக்கர் விசில் அடித்ததே இல்லை. சிரிக்காதீர்கள். ஆவி சீறத் தொடங்கினாலே ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுவேன். பருப்பு வேகாமல் பல்லில் கடிபடும். "அது குக்கர்மா, வெடிகுண்டு இல்ல" என்பார் என் கணவர். இந்த ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டில் இன்று காலையும் அப்படித்தான் ஓடினேன்.

இந்தப் பயம் ஜீயபுரத்தில், நான் சிறுமியாக இருந்தபோது, அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிய காலத்தில் வந்தது. பேங்க் வாசலை மிதிக்காதவளுக்கு வீடு தேடி வந்து பணம் கொடுத்தார்கள். மாடு வாங்கினோம். மாடு செத்துப்போனது, தவணை சாகவில்லை. அதைக் கட்ட இன்னொரு குழுவில் கடன், அதைக் கட்ட வேறொன்று. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். அதனால் எல்லோரும் அவள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வசூலுக்கு வருகிறவரைவிட, தினமும் பார்க்கிற அந்த முகங்களுக்குத்தான் அதிகம் பயந்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை கையில் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவும் அதே குழுதான். அம்மாவையும் என்னையும் உள்ளே விட்டு வெளியே பூட்டியதும் அவர்தான். பூட்டைப் பார்த்தால் ஆளில்லையென்று போய்விடுவார்கள் அல்லவா. அடுப்பில் குக்கர் இருந்ததை மூன்று பேருமே மறந்துவிட்டோம்.

வாசலில் பைக் வந்து நின்றது. பெண்கள் பேசிக்கொண்டே உட்காருவது கேட்டது. அம்மா என் வாயைப் பொத்தினாள், கையெல்லாம் பூண்டு வாசம். அப்போது பார்த்துக் குக்கர் விசில் அடித்தது.

வெளியே பேச்சு நின்றது.

"உள்ள ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார் வசூலுக்கு வந்தவர்.

"அது எங்க வீட்டுக் குக்கர் சார். இருங்க, அணைச்சிட்டு வரேன்" என்றார் செல்வி அக்கா.

அவர் நடந்துபோகும் நேரத்தில் அம்மா தவழ்ந்துபோய் அடுப்பை அணைத்தாள். செல்வி அக்கா வீட்டில் குக்கரே கிடையாது. குழுவில் எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மாவின் தவணையை அன்று அவர்களே போட்டுக் கட்டினார்கள்.

குழு அப்புறம் கலைந்தது. செல்வி அக்காவும் எந்தக் கடன் துரத்தியோ ஊரைவிட்டுப் போய்விட்டார். இப்போது கடன் போனிலேயே வருகிறது. கணவருக்குத் தெரியாமல் நானும் ஒன்று எடுத்தேன், தவணை தவறிவிட்டது. கட்டாவிட்டால் என் போனில் இருக்கிற எல்லா நம்பருக்கும் கூப்பிட்டுச் சொல்வார்களாம். பயமாக இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மறுபடி போன் அடிக்கிறது. அது எங்க வீட்டுப் போன் சார் என்று சொல்ல வெளியே யாரும் இல்லை.