முஹாரெம் வீட்டு மேல்மாடி ஜன்னல்

மோஸ்தார் நகரத்தில் யார் வீட்டில் என்ன சமையல், யார் மகன் யாரைப் பார்த்துச் சிரித்தான், யார் கூரைக்கு எந்த மலைக் கல் வந்தது என்பதெல்லாம் மெவ்லிதாவுக்குத் தெரியாமல் நடந்துவிட முடியாது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். கணவன் சால்கோ இறந்து, மகனும் நார்வேயில் குடியேறிவிட்ட பிறகு, நெரெத்வா ஆற்றை ஒட்டிய தன் வீட்டின் மாடியறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டு வந்தாள். வாடகை ஒரு சாக்குதான். வருகிறவர் எங்கே பிறந்தார், எதற்காக வந்தார், ஏன் தனியாக வந்தார் என்று விசாரிக்காவிட்டால் அவளுக்கு வாயில் வைத்த ரொட்டி தொண்டையில் இறங்காது.

வெளியூர்க்காரர்கள் பாலத்தைப் பார்க்க வருவார்கள். போரில் இடிந்து ஆற்றுக்குள் விழுந்து, பிறகு அதே மலையின் கல்லை வெட்டி அதே வளைவில் மறுபடியும் கட்டிய பாலம். படம் எடுப்பார்கள். அதன் உச்சியிலிருந்து தண்ணீரில் குதிக்கிற வாலிபர்களுக்குக் கைதட்டுவார்கள். வெயில் தாழ்ந்ததும் பஸ் ஏறிவிடுவார்கள்.

அந்த ஜூன் மாதம் வந்த நீல் கார்ட்டர் மட்டும் ஒரு வாரத்துக்கு அறை கேட்டார்.

கனடாக்காரர். ஐம்பதைத் தாண்டிய வயது, வழுக்கைத் தலை, ஒட்ட வெட்டிய நரைத்த தாடி. ஆங்கிலம் தவிர வேறு பேச்சில்லை, அதுவும் அளந்துதான். பாலத்தின் பக்கம் அவர் போகவே இல்லை. காலையில் ஜன்னலோரம் உட்காருவார். பிறகு தெருவில் இறங்கி, புதிதாகக் கட்டிய வீடுகளின் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடப்பார்.

பக்கத்து வீட்டு ஷெரீஃபாவிடம் மதில் வழியாகப் பிரச்சினையை வைத்தாள் மெவ்லிதா.

"கேமரா இல்லாம ஒரு மனுஷன் இந்த ஊருக்கு வருவானா, ஷெரீஃபா?"

"வந்ததும் உன் முகத்தைப் பாத்திருப்பான். அப்புறம் படம் எடுக்கிற ஆசை எங்கேருந்து வரும்?"

"விளையாடாதடி. சுவரைத் தடவுறான். ஏதோ ஒரு வீட்டை விலை பேச வந்திருப்பானோ?"

"விலை பேச வந்தவன் சுவரைத் தட்டிப் பாப்பான். தடவிப் பாக்க மாட்டான்."

இந்தப் பதிலில் மெவ்லிதாவின் ஆர்வம் இரண்டு மடங்கானது.

மூன்றாம் நாள் காலையில் அது நடந்தது. செம்புக் குவளையில் காப்பி காய்ச்சி, கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் சர்க்கரைக் கட்டிகளை வைத்தாள். முதல் இரண்டு நாளும் மற்ற வெளிநாட்டுக்காரர்களைப் போலவே அவர் கட்டியைக் கிண்ணத்துக்குள் போட்டுக் கலக்கினார். அன்று அவர் நினைவு அங்கே இல்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தபடி இருந்தார். கை தானாக ஒரு கட்டியை எடுத்தது. அதன் ஒரு மூலையை மட்டும் காப்பியில் தொட்டு, நனைந்த இடத்தைக் கடித்து, அதன் மேல் ஒரு மிடறு குடித்தார்.

மெவ்லிதா கையிலிருந்த தட்டை மெல்லக் கீழே வைத்தாள். பிறகு பின்வாசல் வழியாக ஓடினாள்.

"அவன் கனடாக்காரன் இல்லை. சர்க்கரையைத் தொட்டுக் கடிச்சுக் குடிக்கிறான்."

"யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க," என்றாள் ஷெரீஃபா.

"சொல்லிக் குடுத்தா விரல் நனையும், தாடியில ஒழுகும். என் நார்வே மருமகளுக்கு நாலு வருஷமா சொல்லிக் குடுக்கிறேன், இன்னும் சட்டையெல்லாம் காப்பி. இவனுக்கு ஒரு சொட்டு சிந்தலை. பால் குடி மறந்த நாளிலேருந்து வந்த பழக்கம் அது."

"எதைப் பாத்துக்கிட்டு இருந்தான்?"

"முஹாரெம் அண்ணன் வீட்டு மேல்மாடியை."

ஷெரீஃபாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. போருக்குப் பிறகு கணவன் வீடு என்று இந்தத் தெருவுக்கு வந்தவள் மெவ்லிதா. ஷெரீஃபாவோ இங்கேயே பிறந்தவள்.

"முஹாரெமுக்கு ஒரு தம்பி இருந்தான், நியாஸ்னு. முப்பது வருஷம் முன்னால, குண்டு விழுந்துக்கிட்டு இருந்த காலத்துல, அம்மாவுக்கு மருந்து வாங்கிட்டு வர்றேன்னு ஊரை விட்டுப் போனான். அந்தம்மா வாசலைப் பாத்துப் பாத்தே கண்ணை மூடினாங்க. முஹாரெம் தனியா குழி வெட்டினார். அன்னையிலேருந்து அந்தப் பேரை அவர் முன்னால யாரும் எடுக்கிறதில்லை."

மெவ்லிதா வீட்டுக்குத் திரும்பினாள். அவர் இன்னும் ஜன்னலோரம்தான் இருந்தார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் மொழியிலேயே பேசினாள்.

"காப்பி ஆறிடும், நியாஸ்."

அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எத்தனை காலமாகக் கூப்பிடப்படாத பெயர் அது? யாரோ ஒரு பெண், காப்பியைப் பற்றிப் பேசுகிற குரலில், சாதாரணமாக அதைச் சொல்லிவிட்டாளே. அந்தப் பெரிய மனிதர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அழட்டும் என்று மெவ்லிதா விட்டுவிட்டாள். கேள்விகள் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றாலும் பொறுத்துக்கொண்டாள்.

"எதுக்குப்பா வந்தே?" என்றாள் கடைசியில்.

"ஊரைத் திரும்பக் கட்டிட்டாங்கன்னு சொன்னாங்க அக்கா. எங்க வீட்டையும் கட்டியாச்சான்னு ஒரு தடவை பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"பாத்தாச்சே. கதவைத் தட்ட வேண்டியதுதானே?"

"அண்ணனுக்கு ஒரே ஒரு தடவை ஃபோன் பண்ணினேன். என் வாசல்ல உன் நிழல் விழக் கூடாதுன்னு சொல்லி ஃபோனை வெச்சுட்டார். மூணு நாளா அந்தத் தெருமுனை வரைக்கும் போறேன். அதுக்கு மேல கால் வரலை. ஞாயிற்றுக்கிழமை விமானம். இந்தத் தடவையும் தட்டாம போனா, இனிமே நான் வரப்போறதில்லை. அவருக்கும் எழுபது ஆகுது."

மெவ்லிதா எழுந்து தலைத்துணியைச் சரிசெய்தாள்.

"அந்த ஊர்ல வெச்சுக்கிட்ட பேரோட, நீ கார்ட்டராவே வா. என் விருந்தாளி பழைய மாதிரி கட்டின வீட்டைப் பாக்க ஆசைப்படறார்னு சொல்றேன். அவர் துரத்தினா கார்ட்டரைத்தான் துரத்துவார். உன்னை இல்லை."

முஹாரெம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நெட்டையான உருவம். கதவைத் திறந்தவர் மெவ்லிதாவைப் பார்த்தார். அவள் தோளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். அந்தப் பார்வை அங்கே கொஞ்சம் கூடுதலாகவே நின்றது.

"உள்ளே வரச் சொல்லு," என்றார்.

முதல் காப்பி வந்தது. மெவ்லிதா தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சுவர், கூரை, கல் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. முஹாரெம் கொஞ்ச நேரம் அதை வேடிக்கை பார்த்தார்.

"எதுக்கு இவ்வளவு சிரமப்படறே? நம்ம பாஷையிலேயே சொல்லு. மெதுவா சொன்னா அவருக்குப் புரியும்."

மெவ்லிதா ஆட்டிக்கொண்டிருந்த கையை மடியில் வைத்தாள். தெரிந்துவிட்டதா? தெரிந்தும் ஏன் துரத்தவில்லை?

முஹாரெம், தம்பி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. மெவ்லிதாவைப் பார்த்தே கேட்டார். "அவருக்கு அம்மா இருக்காங்களான்னு கேளு."

அவள் திரும்பி அதே வார்த்தைகளைச் சொன்னாள். "அம்மா இருக்காங்களா?"

"இல்லைன்னு சொல்லுங்க," என்றார் நியாஸ், தரையைப் பார்த்து.

"இல்லையாம்."

"சாகும்போது பக்கத்துல இருந்தாரா?"

"இருந்தீங்களா?" என்றாள் மெவ்லிதா.

"இல்லை. மருந்து கிடைச்சுது. திரும்பி வந்தேன். பாதையை அடைச்சுட்டாங்க. கையில காலில விழுந்தேன், விடலை. மருந்தை மடியில வெச்சுக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கமே கிடந்தேன். அங்கேதான் சேதி வந்துச்சு."

மெவ்லிதா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அவளால் முடியவில்லை. முஹாரெம் கையிலிருந்த கிண்ணத்தைத் தட்டில் வைத்தார்.

"இதை ஏன் ஃபோன்ல சொல்லலைன்னு கேளு."

"சொல்ல விட்டாரான்னு கேளுங்க."

முஹாரெம் எழுந்து போய் இரண்டாவது காப்பி காய்ச்சிக்கொண்டு வந்தார். அதை ஊற்றிக்கொண்டே, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர் போலப் பேசினார்.

"இந்த வீடு எரிஞ்சப்போ ஒத்தச் சுவர்தான் நின்னுச்சு. ஒரு ஆளுக்கு மேல்மாடி எதுக்குன்னு கொத்தனார் கேட்டான். நீ கட்டுடா, உனக்கெதுக்குன்னேன். கட்டிலு, அலமாரி எல்லாம் இருந்த இடத்துலேயே போட்டேன். ஜன்னலையும் இருந்த இடத்துலேயே வெச்சேன்."

"ஜன்னல் அங்கே இல்லை," என்றார் நியாஸ்.

அறை அதிர்ந்த மாதிரி இருந்தது மெவ்லிதாவுக்கு.

"என்னவாம்?"

"ஜன்னல் புகைபோக்கிக்கு இந்தப் பக்கம் இருந்துச்சுன்னு சொல்லுங்க அக்கா. படுத்தபடியே பாலம் தெரியும். இப்ப இருக்கிற இடத்துலேருந்து அத்திமரம்தான் தெரியும்."

"அந்தப் பக்கம்தான் இருந்துச்சுன்னு சொல்லு. கட்டினவனுக்குத் தெரியாதா?"

"அங்கே பதினெட்டு வருஷம் படுத்தவனுக்குத் தெரியாதான்னு கேளுங்க."

"அப்ப அத்திமரத்தைப் பிடிச்சு ராத்திரி இறங்கி ஓடினது எந்த ஜன்னல் வழியா? உன் தாத்தா ஜன்னல் வழியாவாடா? மரம் எங்கே இருக்கோ அங்கேதானேடா ஜன்னல் இருக்கும்?"

"மரத்தைப் பிடிச்சேனா? புகைபோக்கியைப் பிடிச்சுத்தான் இறங்குவேன். என் சட்டை பூரா கரியா இருக்கும்னு அம்மா திட்டுவாங்களே, மறந்து போச்சா உனக்கு?"

முஹாரெம் நிமிர்ந்தார். கரி படிந்த ஒரு சட்டை, அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சத்தம் போடுகிற ஒரு தாய், எங்கிருந்தோ எழுந்து வந்து அந்த அறையின் நடுவே நின்றது போலிருந்தது. அவர் கண்கள் முதன்முறையாகத் தம்பியின் முகத்துக்குப் போயின. அங்கேயே தங்கிவிட்டன.

மெவ்லிதா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். இப்போது என்ன சொல்லப்போகிறார்கள்? யார் முதலில் சொல்லுவார்கள்?

முஹாரெம் அடுப்பங்கரைக்குப் போனார். திரும்பி வந்தபோது தட்டில் ஒரே ஒரு கிண்ணம் இருந்தது. அதை மெவ்லிதாவுக்கு முன்னால் வைத்தார்.

அந்த ஊரில் முதல் காப்பி வரவேற்க, இரண்டாவது பேச. மூன்றாவதை வைத்தால் விருந்தாளி குடித்துவிட்டு எழுந்து போக வேண்டும் என்று அர்த்தம். வாயால் சொல்ல முடியாததைக் கிண்ணம் சொல்லிவிடும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மெவ்லிதா பக்கத்திலிருந்தவரைப் பார்த்தாள். அவருக்கு முன்னால் கிண்ணம் இல்லை.

நாக்கு சுடச் சுட ஒரே மூச்சில் குடித்தாள். எழுந்தாள். கதவை அவளே சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். ஜன்னலுக்குக் கீழே நிற்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

மதிலருகே ஷெரீஃபா காத்திருந்தாள். "என்னடி ஆச்சு? என்ன பேசிக்கிட்டாங்க?"

"தெரியாது. மூணாவது காப்பி வந்துடுச்சு."

"ரெண்டு பேருக்குமா?"

"எனக்கு மட்டும்."

ஷெரீஃபா மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அவள் கண் நிறைந்துவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் மெவ்லிதாவின் வாசலில் முஹாரெம் நின்றார்.

"அவன் பெட்டி எங்கே இருக்கு?"

"மாடியில. அவர் வரலையா அண்ணே?"

"அவனுக்கு இடுப்பு வலியாம். அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டே வேலை பாப்பானாம்." எழுபதை நெருங்கிய அந்த மனிதர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறினார். "சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். எல்லாத்தையும் நானே தூக்கணும்."